மோட்டார் வண்டியின் பிறேக் திரவம்



சொந்தத்தில் ஒரு மோட்டார் வண்டி வைத்திருப்போர் நெடும்பயணம் புறப்படுமுன் சில காரியங்களைத் தவறாது செய்வர். ரயர்களிற் காற்று நிறைவாக உள்ளதா என்று பார்ப்பர். எஞ்சின் ஒயிலின் மட்டத்தைக் கோலால் அளப்பர். றேடியேற்றரில் தண்ணீர் போதுமா என்று நோக்குவர். முன்மூடியைத் திறந்து இத்தனையும் பார்த்தவர், பெரும்பாலான வண்டிகளிற் சாரதியின் பக்கமாக ஒரு மூலையில், மங்கிய வெண்ணிறப் பிளாஸ்டிக்கினாலான சிறு தாங்கி ஒன்று இருப்பதைக் கண்டும் காணாதவர்போல் மூடியைச் சாத்திவிடுவார். ஓடும் வண்டியை நிறுத்தும் வேலையோ அந்தத் தாங்கியிலும் அதனோடு தொடர்ந்த குழாய்களிலும் உள்ள ஒரு லீற்றருக்கும் குறைந்த திரவத்தையே நம்பியிருக்கிறது. அத்திரவத்தைச் சோதிப்பது எப்படி, மாற்றுவது எப்படி, ஏன் மாற்ற வேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. கடைகளிலும் கராஜ்களிலும் இதனைப் ‘பிறேக் ஒயில்’ என்றே வழங்குகிறார்கள். வழக்கில் வந்துவிட்ட பெயரை நாம் மாற்ற இயலாது. ஆயினும் இது எண்ணெய் அன்று என்பதை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இன்று நம் வீதிகளில் ஓடும் குடும்ப வண்டிகள் பெரும்பாலானவற்றில் உள்ளது கிளைக்கோல் ஈதர் என்னும் வகையைச் சேர்ந்த இரசாயனச் சேர்வையாகும். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலவா. இந்தத் திரவமோ தண்ணீரோடு எளிதிற் கலந்துவிடும். இந்த ஒரு வேற்றுமையே நாம் இன்று பேசப்போகும் அனைத்துக்கும் அடிப்படை.

பிறேக் எவ்வாறு வேலை செய்கிறது? மூடிய பாத்திரமொன்றில் அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் அமுக்கம் செலுத்தினால், அவ்வமுக்கம் குறையாது எல்லாத் திசைகளிலும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சு தேசத்து அறிஞர் பாஸ்கால் விளக்கினார். நாம் காலால் மிதியை அழுத்தும்போது, மாஸ்ரர் சிலிண்டர் என்னும் உருளையிலுள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. மெல்லிய உருக்குக் குழாய்களின் வழியே அந்த அமுக்கம் நான்கு சில்லுகளையும் சென்றடைந்து, அங்குள்ள பிஸ்டன்களைத் தள்ள, அவை உராய்வுப் பட்டைகளைச் சுழலும் தட்டின்மீதோ டிரம்மின்மீதோ இறுக்குகின்றன. திரவத்தை நசுக்கிச் சிறிதாக்க முடியாது என்பதனாலேதான் இவ்வளவும் நடைபெறுகிறது. குழாயில் ஒரு சிறு குமிழி காற்று இருந்தாலும், மிதியில் நாம் செலுத்தும் பலம் அந்தக் குமிழியை நசுக்குவதிலே கழிந்துபோகும். சில்லுக்குப் போய்ச் சேராது.

இம்முறையை மோட்டார் வண்டிக்கென அமைத்து 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவர் மால்கம் லோக்கீட் என்பவர். 1921இல் டூசன்பேர்க் என்னும் விலையுயர்ந்த வண்டியிலும், 1924இல் கிறைஸ்லர் வண்டியிலும் நான்கு சில்லுகளுக்கும் இது பொருத்தப்பட்டது. ஆரம்ப காலத்துத் திரவங்களில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்திருந்தன. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய்தான். மதுசாரம் விரைவிற் கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே வண்டிகளின் வேகமும் பாரமும் கூடக்கூட, உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் செயற்கைத் திரவங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அவ்வாறு வந்த கிளைக்கோல் வகைத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாரிகாலத்தில் அடுப்படியிலுள்ள உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். சாடிக்குள் ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆயினும் உப்பு நனைந்து கசிந்திருக்கும். பிறேக் திரவமும் இத்தகையதே. தாங்கியின் மூடியிலுள்ள நுண்ணிய காற்றுத் துவாரத்தின் வழியாகவும், சில்லுகளின் அருகே வளைந்து செல்லும் றப்பர்க் குழாய்களின் சுவரையே ஊடுருவியும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே செல்கிறது. வண்டி ஓடினாலும் செல்லும், ஓடாது கொட்டகையில் நின்றாலும் செல்லும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்த நமது சுவாத்தியத்தில் இதற்கு ஓய்வே இல்லை.

இத்தகைய குறையுடைய திரவத்தை ஏன் பாவிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இது குறையும்தான், குணமும்தான். எப்படி அடைத்தாலும் சிறிதளவு ஈரம் உள்ளே வந்தே தீரும். திரவம் அதனை உறிஞ்சாவிட்டால், வந்த தண்ணீர் துளித்துளியாகத் திரண்டு, குழாயின் தாழ்ந்த இடமாகிய சில்லின் பக்கத்திற் போய்த் தங்கும். பிறேக் தொகுதியில் மிகுந்த சூடு ஏறும் இடமும் அதுவே. அங்கே தனித்து நிற்கும் தண்ணீர் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். இரும்பையும் துருப்பிடிக்கச் செய்யும். திரவம் தண்ணீரைத் தன்னுட் கரைத்துப் பரவலாக வைத்துக்கொள்வதனால் அந்த ஆபத்து உடனே வருவதில்லை. ஆண்டுக் கணக்கில் தள்ளிப் போடப்படுகிறது. தள்ளிப் போடப்படுகிறதேயன்றி இல்லாமற் போவதில்லை.

இதனை எண்ணாற் கூறினால் விளக்கமாக இருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் வகுத்த தரங்களே உலகெங்கும் வழங்குகின்றன. அத்திணைக்களத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘டொட் 3’, ‘டொட் 4’, ‘டொட் 5.1’ என்று போத்தல்களில் அச்சிட்டிருப்பார்கள். டொட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறைந்த வெப்பத்திற் கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே திரவத்தில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்த நிலையில், 140 பாகை வரை தாங்கினாற் போதும் என்று அவ்விதியே ஒப்புக்கொள்கிறது. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் அறுபத்தைந்து பாகையை விழுங்கிவிடலாம் என்பது இதன் கருத்து. டொட் 4 புதிதில் 230 பாகையும் ஈரமேறிய நிலையில் 155 பாகையும், டொட் 5.1 முறையே 260, 180 பாகையும் தாங்க வேண்டும்.

கொழும்பு நகரத்துள்ளோ, யாழ்ப்பாணத்துச் சமதரையிலோ வண்டி ஓட்டும் ஒருவருக்கு இந்த எண்கள் ஒருநாளும் தென்படமாட்டா. ஆங்காங்கே ஒரு சந்தியில் நிறுத்துவார், பிறேக் சூடாகும், அடுத்த சந்திக்குமுன் ஆறிவிடும். ஐந்தாண்டு மாற்றாத திரவமும் அங்கே குறைசொல்ல முடியாதபடி வேலை செய்யும். மிதி இறுக்கமாகவே இருக்கும். ஆகவே ‘என் வண்டியின் பிறேக் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அவர் கூறுவதிற் பொய் இல்லை. அந்த நம்பிக்கையோடு பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவர் நுவரெலியாவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது எஞ்சினுக்குத்தான் வேலை. திரும்பி இறங்கும்போதுதான் நாம் பேசும் திரவத்தின் முறை வருகிறது.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. றம்பொடை வழியாக இறங்கிக் கம்பளையை அடையும்போது, நடுவே சில ஏற்றங்கள் இருப்பினும், மொத்தத்தில் ஏறத்தாழ 1,400 மீற்றர் கீழே வந்துவிடுகிறோம். ஆட்களோடும் பெட்டி படுக்கைகளோடும் சேர்த்து வண்டியின் பாரம் 1,200 கிலோகிராம் என்று கொள்வோம். அவ்வளவு பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் வெப்பமாக மாற்றினால், ஏறத்தாழ ஐம்பது லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்தச் சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பும் ரயர்களின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து ஓட்டினால் எஞ்சின் மற்றொரு பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். எஞ்சினுக்கு அந்த வேலையைக் கொடாது, காலைப் பிறேக்கிலே வைத்தபடி இறங்குபவரின் வண்டியில் எஞ்சியது அனைத்தும் நான்கு சில்லுகளின் தட்டுகளிலும் டிரம்களிலுமே போய்ச் சேரும். தட்டுகள் சில நூறு பாகை வரை சூடேறும். அந்தச் சூடு பட்டைகளையும் பிஸ்டனையும் கடந்து திரவத்தை எட்டுகிறது.

திரவம் கொதித்ததும் ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். இதுவரை இறுக்கமாக இருந்த மிதி, பஞ்சுபோல் மெத்தென்று தரைவரை இறங்கிவிடும், வண்டி நிற்காது. பட்டைகள் மாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழப்பது வேறொரு கோளாறு. அதில் மிதி இறுக்கமாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்க மறுக்கும். மிதி கீழே போய்விட்டால் திரவத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. செங்குத்தாக இறங்கிவந்து தேநீர்க்கடை ஒன்றின் முன் வண்டியை நிறுத்துகிறோம். ஓடும்போது வீசிய காற்று இப்போது இல்லை. தட்டிலுள்ள சூடு மெல்ல மெல்லத் திரவத்துக்கு ஏறுகிறது. பத்து நிமிடம் கழித்துப் புறப்படும்போது, நிறுத்தியபோது சரியாக இருந்த மிதி கீழே போகக்கூடும். ஆகவே மலைவீதியில் இளைப்பாறிப் புறப்படுமுன் நின்ற நிலையிலேயே மிதியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

இக்கோளாறின் பொல்லாத்தன்மை யாதெனில், அது தடயம் விடுவதில்லை. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். மிதி பழையபடி இறுகிவிடும். மறுநாட் காலையில் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஒரு குறையும் காணாது, ‘பிறேக் சரியாகத்தானே இருக்கிறது’ என்பார். அவரைக் குற்றஞ் சொல்வதற்கில்லை.

இறக்கத்தில் மிதி கீழே போய்விட்டால் விடாது விரைந்து விரைந்து மிதித்தல் வேண்டும். சிலவேளை சிறிது அமுக்கம் திரும்பி வரும். அதே நேரத்திற் கியரைப் படிப்படியாகக் குறைத்து, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். கம்பியால் இழுபடும் கைப்பிறேக்கு இந்தத் திரவத்தை நம்பியிருப்பதில்லை. ஆனால் வெடுக்கென்று இழுத்தாற் பின்சில்லுகள் இறுகி வண்டி சறுக்கிவிடும். இந்நிலை வராமற் காக்கும் வழியும் எளியதே. கடுகண்ணாவையிலோ, அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வீதியிலோ, எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போதோ, ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். தானாகக் கியர் மாறும் வண்டிகளில் ‘எல்’ அல்லது ‘2’ என்றும், கலப்பு வண்டிகளிற் ‘பி’ என்றும் குறிக்கப்பட்ட நிலை இதற்காகவே உள்ளது.

இனிச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். சிறு தாங்கியின் பக்கத்தில் இரு கோடுகள் உண்டு. மேலது உயர்ந்த மட்டம், கீழது தாழ்ந்த மட்டம். மூடியைத் திறவாமலே, வெளியிலிருந்து பார்த்தால் திரவத்தின் மட்டம் தெரியும். மாதம் ஒருமுறை பார்த்தாற் போதும். மட்டம் பல மாதங்களாக மெல்லக் குறைந்து வந்தால், உராய்வுப் பட்டைகள் தேய்ந்து வருகின்றன என்று பொருள். பட்டை தேயத் தேயப் பிஸ்டன் முன்னே நகர்ந்து, அந்த வெளியைத் திரவம் நிரப்புகிறது. இதனைக் கண்டவுடன் போத்தலை எடுத்து ஊற்றி நிரப்புவது பலரது வழக்கம். அது தேவையற்ற வேலை. பின்பு புதிய பட்டை போடும்போது பிஸ்டனைப் பின்னே தள்ள, ஊற்றிய திரவம் பொங்கி வழிந்து வண்டியின் வர்ணத்தை உரித்துவிடும். மட்டம் தாழ்ந்த கோட்டை நெருங்கினாற் பட்டைகளைப் பார்ப்பதே முறை. இதற்கு மாறாக, மட்டம் சில நாட்களிலே சடுதியாக இறங்கினால் எங்கேயோ ஒழுக்கு உண்டு. அப்படிப்பட்ட வண்டியை ஓட்டாதிருப்பதே நன்று. சாரதிக்கு முன்னேயுள்ள சிவப்பு விளக்கு கைப்பிறேக்கை விட்ட பின்பும் அணையாவிட்டால், அல்லது வளைவுகளில் விட்டுவிட்டு ஒளிர்ந்தால், அதன் காரணம் பெரும்பாலும் திரவக் குறைவே.

நிறத்தையும் பார்க்கலாம். புதிய திரவம் பெரும்பாலும் தெளிந்து, மெல்லிய மஞ்சள் சாயலோடு இருக்கும். நாட்பட்டது சாயத் தேநீர்போலாகும். மிகப் பழையது கறுக்கும். கறுத்திருந்தால் மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தெளிவாக இருப்பதனால் நல்லதென்று முடிவு கட்டிவிடக் கூடாது. தண்ணீருக்கு நிறம் இல்லை. சில கராஜ்களில் பேனாவைப்போன்ற சிறு கருவியைத் தாங்கியில் அமிழ்த்தி, ஈரத்தின் அளவை விளக்குகளாற் காட்டுகிறார்கள். அது மின்சாரம் திரவத்தின் ஊடாகச் செல்லும் அளவைக் கொண்டு மதிப்பிடுவது. ஒரு குறிப்பாகக் கொள்ளலாம். சிறிதளவு திரவத்தை உண்மையாகவே சூடாக்கி அதன் கொதிநிலையைக் காட்டும் கருவியே நம்பத்தக்கது. இரண்டும் கிடையாதவர்க்குக் கலண்டரே போதும். பெரும்பாலான உற்பத்தியாளர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சிலர் மூன்று ஆண்டு என்கிறார்கள். ஓடிய தூரம் குறைவாயிற்றே என்று தவணை தள்ளுவது இங்கே பொருந்தாது. ஈரம் தூரத்தைக் கணக்கிடுவதில்லை.

நம் நாட்டுக்கு யப்பானிலிருந்து வரும் பாவித்த வண்டிகளைப்பற்றித் தனியே கூற வேண்டும். அவற்றோடு வரும் கைந்நூல் யப்பான் மொழியில் இருக்கும். முந்திய சொந்தக்காரர் திரவத்தை எப்போது மாற்றினார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே வண்டியை வாங்கிய அன்றே மாற்றிவிட்டு, அத்திகதியிலிருந்து கணக்கை ஆரம்பிப்பதே நல்லது. எந்தத் தரத் திரவம் ஊற்ற வேண்டும் என்பதைத் தாங்கியின் மூடியிலேயே பொறித்திருப்பார்கள். ‘பி.எஃப். 3’ என்றிருந்தால் அது டொட் 3க்கு நிகரான யப்பானியத் தரம்.

டொட் 3 கேட்கும் வண்டிக்கு டொட் 4 ஊற்றலாம். ஒரே குலத்தைச் சேர்ந்தவை, கலந்தாலும் தீங்கில்லை. டொட் 4 கேட்கும் வண்டிக்கு டொட் 3 ஊற்றுவதுதான் தவறு. ‘டொட் 5’ என்று மாத்திரம் எழுதிய போத்தலை வாங்காதீர்கள். அது சிலிக்கோன் என்னும் வேறு பொருள்; தண்ணீரோடும் கலவாது, மற்றத் திரவங்களோடும் கலவாது. 5.1 என்பதும் 5 என்பதும் பெயரளவில் உறவினர்போற் தோன்றினும் உறவில்லை. இப்படிப் பெயரிட்டவர்களை மெச்ச முடியவில்லை.

மாற்றும் வேலையை வீட்டிற் செய்யலாமா? சாதாரண வண்டியாயின், கைவேலையிற் பழக்கமுள்ள ஒருவர் துணையோடு செய்யலாம். ஆனால் பிறியஸ், அக்குவா போன்ற கலப்பு வண்டிகளில் மின்பம்பி ஒன்று தானாக இயங்கிப் பிறேக்குக்கு அமுக்கம் ஏற்றும். அவற்றைக் கணினிக் கருவி உள்ள கராஜிற் கொடுப்பதே தகும். சில்லுகள் இறுகாமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புள்ள வண்டிகளிற் பழைய திரவத்தைப் புதியதாற் தள்ளி மாற்றுவதில் வழமையாக இடையூறில்லை. தாங்கி வற்றிக் காற்று உள்ளே போய்விட்டால் மாத்திரம் அவற்றுக்கும் அக்கருவி தேவைப்படலாம்.

வேண்டிய பொருள்கள் சிலவே. முத்திரை உடையாத போத்தலில் ஒரு லீற்றர் திரவம், திருகாணிக்கு அளவான வளைய ஸ்பனர் ஒன்று, உள்ளே நிகழ்வது தெரியக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ஒரு வெறும் போத்தல், ஊசி இல்லாத பெரிய ஊசிக்குழல், பஞ்சற்ற துணி. ஸ்பனர் அனேகமாக 8 அல்லது 10 மில்லிமீற்றராக இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அண்டை வைத்து, உயர்த்திய பின் உறுதியான தாங்குகாலின்மீது இருத்த வேண்டும். ஜாக்கை மாத்திரம் நம்பி வண்டியின்கீழ் ஒருபோதும் புகக் கூடாது.

முதலில் தாங்கியைச் சுற்றித் துடைத்து, மூடியைத் திறந்து, பழைய திரவத்தை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை உயர்ந்த கோடுவரை ஊற்றுங்கள். சில்லின் உட்புறத்தில், பிஸ்டன் உள்ள பாகத்தின் மேற்பக்கமாக, றப்பர்த் தொப்பி அணிந்த சிறு திருகாணி ஒன்று இருக்கும். காற்றும் பழந்திரவமும் வெளியேறும் வாயில் அதுவே. கைந்நூல் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். சாரதி வலப்புறம் இருக்கும் நம் வண்டிகளில் அது இடப்பக்கப் பின்சில்லு. அடுத்து வலப்பக்கப் பின்சில்லு, பின்பு முன்சில்லுகள் இடமும் வலமுமாக. தொப்பியைக் கழற்றி, ஸ்பனரை மாட்டி, குழாயின் ஒரு நுனியைத் திருகாணியிற் செருகி, மறு நுனியைச் சிறிது புதுத்திரவம் விட்ட போத்தலில் அமிழ்த்துங்கள்.

இப்போது இருவர் வேண்டும். தகப்பன் சில்லின் அருகே இருக்கிறார், மகன் சாரதி ஆசனத்தில் என்று வைத்துக்கொள்வோம். ‘மிதி தம்பி’ என்று தகப்பன் சொல்ல, மகன் மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, ‘மிதித்துவிட்டேன் அப்பா’ என்கிறான். உடனே தகப்பன் திருகாணியைக் கால்வட்டம் தளர்த்துகிறார். பழந்திரவம் குழாயினூடு வர, மிதி கீழே இறங்குகிறது. மகன் காலை எடாமல் இருக்கும்போதே தகப்பன் திருகாணியை இறுக்கிவிட்டு, அதன் பின்னரே ‘விடு’ என்கிறார். இந்த ஒழுங்கு மாறிவிடக் கூடாது. திருகாணி திறந்திருக்கும்போது காலை எடுத்தால், வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே உறிஞ்சப்படும். மெக்கானிக்குகள் இதனைப் ‘பிளீட்’ பண்ணுதல் என்பர். குமிழி இன்றித் தெளிந்த புதுத்திரவம் வரும்வரை இவ்வாறு செய்ய வேண்டும்.

ஐந்தாறு தடவை மிதித்தபின் தாங்கியைப் பார்த்து நிரப்புங்கள். அது வற்றினால் வேலை முழுவதும் பாழ். பழைய வண்டியானால் மிதியின்கீழ் ஒரு பலகைத் துண்டை வையுங்கள். நாள்தோறும் மிதி பாதிவழியே இறங்கியிருப்பதனால், சிலிண்டரின் அப்பாலுள்ள பகுதி துருவும் அழுக்கும் ஏறியிருக்கும். பிஸ்டன் அங்கே போனால் அதன் றப்பர் வளையம் கிழியக்கூடும். திருகாணி அசைய மறுத்தாற் பலாத்காரம் செய்யாதீர்கள். அது முறிந்துபோனால் சிறு செலவு பெருஞ்செலவாகும்.

நான்கு சில்லும் முடிந்ததும் தாங்கியை உயர்ந்த கோடுவரை நிரப்பி மூடி, மிதியைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே போகக் கூடாது. திருகாணிகளில் ஈரக்கசிவு இருக்கக் கூடாது. எஞ்சினை இயக்கும்போது மிதி சிறிது இறங்குவது இயல்பு. அது பலங்கூட்டும் அமைப்பின் செயல். மிதி பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்று உண்டு, மறுபடியும் செய்யுங்கள். எல்லாம் சரியான பின்னரே ஆளரவமற்ற ஒழுங்கையில் நடை வேகத்தில் ஓட்டி, நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சுத்தத்தைப்பற்றிக் கூறாது விட முடியாது. பிறேக்கின் உறுப்புக்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக் கூடாது. தொகுதியிலுள்ள றப்பர் வளையங்கள் கிளைக்கோலோடு ஒத்துப்போகும்படி செய்யப்பட்டவை. கனிய எண்ணெய் பட்டால் உப்பி மென்மையாகிவிடும். தாங்கியில் யாரேனும் எஞ்சின் ஒயிலை ஊற்றிவிட்டால், உறிஞ்சி எடுத்துவிட்டேன் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. அந்த வண்டியை ஓட்டாது, குழாய்களைக் கழுவி, றப்பர் உறுப்புக்கள் அனைத்தையும் மாற்றுவதே வழி. நான் தொடக்கத்திற் பெயரைப்பற்றிப் பேசியது இதற்காகவே.

திரவம் வண்டியின் வர்ணத்திற் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீரோடு கலக்கும் குணம் இங்கே உதவுகிறது. எஞ்சிய புதுத்திரவத்தை அடுத்த முறைக்கென்று ஆண்டுக் கணக்கில் எடுத்துவைப்பதிற் பயனில்லை. திறந்த போத்தல் அன்றே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. பழந்திரவத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்; கழிவு ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றிற் கொடுத்து, இது பிறேக் திரவம் என்று சொல்லுங்கள், வேறாக எடுத்துவைப்பார்கள். சோடாப் போத்தலில் மாத்திரம் ஊற்றிவைக்கவே கூடாது. இது நஞ்சு, தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் போத்தலின் உருவந்தான் தெரியும்.

மாற்றிய திகதியை ஒரு சிறு கடுதாசித் துண்டில் எழுதித் தாங்கியின் அருகே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை முன்மூடியைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அது உதவும்.